ஹோண்டா 750 முன்சக்கர பேரிங் ஓராண்டுகூடத் தாங்காதது ஏன்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த வெருலம் ஊர் வாசகரின் கேள்வி, 2024 மார்ச் 2

என் தகப்பனார் ஓட்டிய 1972ஆம் ஆண்டு ஹோண்டா சிபி 750 வண்டியை என் பெயருக்கு மாற்ற வேண்டியிருப்பதால், வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வொர்தி சோதனைக்குக் கொண்டுபோகப் போகிறேன். சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் முன்சக்கர பேரிங் இரண்டையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் முன்சக்கரத்திலிருந்து உறுமல் கேட்கிறது. போட்டது மலிவான சரக்கு என்று நினைக்கிறேன். விலை அதிகமானாலும் பரவாயில்லை, எந்த பிராண்டு வாங்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

மார்ச் 2, மாலை – என் பதில்

பிராண்டைப் பற்றிப் பிறகு பேசலாம். உங்கள் முன்சக்கரத்தில் இருப்பது 6302 என்ற எண்ணுள்ள பேரிங். இரண்டு பக்கமும் அதுவே. நல்ல நிறுவனத்தின் 6302 சுழலும்போது தாங்கக்கூடிய மதிப்பிட்ட பளு ஏறத்தாழ 11 கிலோநியூட்டன். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து முன்சக்கரத்தில் வைக்கும் எடையை இரண்டு பேரிங்குகளுக்கும் பங்கிட்டால், ஒவ்வொன்றின் மேலும் விழுவது ஒரு கிலோநியூட்டனைக்கூட எட்டாது. அந்த விகிதத்தை வைத்து ஆயுளைக் கணக்கிட்டால் பல இலட்சம் கிலோமீட்டர் வரும். ஆகவே இந்தச் சக்கரத்தில் பளு தாங்காமல் பேரிங் சாவது என்பது கிடையாது. தண்ணீர் புகுந்து சாகும், மணல் புகுந்து சாகும், எல்லாவற்றையும்விட அதிகமாகப் பொருத்தும்போது பட்ட அடியால் சாகும். ஓராண்டுக்குள் இரண்டும் போயிருந்தால் நான் கடைசிக் காரணத்தைத்தான் முதலில் தேடுவேன்.

இன்னொரு பேரிங் வாங்கி அதே முறையில் அடித்து ஏற்றினால் அடுத்த ஆண்டு இதே கேள்வியோடு வருவீர்கள். கழற்றும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். அதுவரை எதையும் வாங்காதீர்கள்.

மார்ச் 3

முதலில், உறுமுவது பேரிங்தானா என்று உறுதிசெய்து கொள்ளுங்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி என்ஜினுக்கு அடியில் கட்டை கொடுங்கள். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து, ஒரு கையால் தள்ளி மறுகையால் இழுத்து அசையுங்கள். கடகடவென்று ஆட்டம் தெரிந்தால் அது பேரிங்காகவும் இருக்கலாம், ஹேண்டில் தண்டின் பேரிங்காகவும் இருக்கலாம். வீட்டில் உள்ள ஒருவரை, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடிக்காலை இறுகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மறுபடியும் அசையுங்கள். ஃபோர்க் நிற்க, சக்கரம் மட்டும் ஆடினால் சக்கர பேரிங். ஃபோர்க்கும் சேர்ந்து ஆடினால் நீங்கள் பார்க்க வேண்டிய இடம் மேலே இருக்கிறது.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் வேறொரு அறிகுறியும் உண்டு. பேரிங் ஆட்டத்தால் டிஸ்க் பக்கவாட்டில் அசைந்து பிரேக் பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அதனால் மேடுபள்ளத்தில் ஓடிய பிறகு முதல் முறை பிடிக்கும்போது லீவர் வழக்கத்தைவிட உள்ளே போகும், இரண்டாம் முறை சரியாகப் பிடிக்கும். இதைப் பிரேக்கில் காற்று புகுந்ததாக எண்ணி எண்ணெய் மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 3, சற்றுப் பிறகு

சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேடுகளுக்கு நடுவே ஒரு மரத்துண்டைச் செருகிவிடுங்கள். டிஸ்க் இல்லாத நேரத்தில் யாராவது பிரேக் லீவரைத் தொட்டால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். கழற்றிய சக்கரத்தை டிஸ்க் அடியில் இருக்கும்படி ஒருபோதும் தரையில் கிடத்தாதீர்கள்.

மார்ச் 5

எண்ணைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 6302 என்பதில் 6 ஆழமான தடமுள்ள குண்டு பேரிங் என்பதைக் குறிக்கும். 3 நடுத்தர வரிசை. கடைசி 02 உள்துளையைக் காட்டும்: 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04இலிருந்து மேலே ஐந்தால் பெருக்கிக் கொள்ளலாம். ஆகவே 6302 என்பது 15 மி.மீ. உள்துளை, 42 மி.மீ. வெளிவிட்டம், 13 மி.மீ. அகலம். எந்த நாட்டில் எந்த நிறுவனம் செய்தாலும் இந்த அளவு மாறாது. எனவே வண்டி நிறுவனத்தின் பெட்டியில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேரிங் மட்டும் விற்கும் கடையில் எண்ணைச் சொல்லி வாங்கலாம். போலிச் சரக்கு எங்கும் நுழைந்துவிட்டதால், தெரிந்த கடையில் பெட்டி பிரிக்காததாக வாங்குங்கள்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளைக் கவனியுங்கள். 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றால் இரு பக்கமும் தகட்டு மூடி. தகடு புழுதியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. கடற்கரையோரம் வாழும் நமக்கு ரப்பர் மூடியே ஏற்றது.

மார்ச் 9

சி3 வாங்கினால் நீடிக்கும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். சி3 என்பது தரத்தின் பெயர் அன்று. குண்டுக்கும் வளையத்துக்கும் இடையே விடப்படும் இடைவெளியின் பெயர். 15 மி.மீ. உள்துளைக்குச் சாதாரண பேரிங்கில் 3 முதல் 18 மைக்ரான் வரையும், சி3இல் 11 முதல் 25 மைக்ரான் வரையும் இடைவெளி இருக்கும். உள்வளையம் சூடாகி விரியும் மோட்டார்களுக்கு அந்தக் கூடுதல் இடம் தேவை. மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் அப்படிச் சூடாவதில்லை. சக்கரத்தின் அச்சுத் தண்டான ஆக்சிலும் உள்வளையத்தில் இறுக்கமாக அல்லாமல் வழுக்கிச் செல்லும்படியே பொருந்துகிறது. கைநூலில் சி3 என்று குறிப்பிட்டிருந்தால் ஒழிய, சாதாரண இடைவெளியே போதும் என்பது என் கருத்து.

மார்ச் 16

வெருலம் நண்பர் பிரித்துப் பார்த்துவிட்டு எழுதியிருப்பதை எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும். பேரிங்குகளை வெளியே எடுத்து விரலில் மாட்டிச் சுற்றினால் இரண்டும் தடுக்கித் தடுக்கிச் சுற்றுகின்றன; உள்ளே துரு இல்லை, கிரீஸ் புதிதாகவே இருக்கிறது. இரு பேரிங்குகளுக்கும் நடுவில் இடைவெளியைக் காக்கும் ஸ்பேசர் குழாயின் இரு முனைகளிலும் அரம் போட்ட தடம் தெரிகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நடந்தது தெளிவாகவே புலப்படுகிறது.

பழைய பேரிங்கைத் தட்டி எடுக்கும்போது பஞ்ச் என்னும் எஃகுத் தட்டுகோலை உள்வளையத்தின் விளிம்பில் வைக்க வேண்டும். அதற்கு நடுவில் உள்ள ஸ்பேசரைச் சற்று ஒரு பக்கமாக ஒதுக்கினால் விளிம்பு கண்ணுக்குத் தெரியும். ஒதுக்காமல் அடித்தவர் ஸ்பேசரின் முனையையே அடித்திருக்கிறார். முனை பிதுங்கியது. பிதுங்கியதை அரத்தால் தேய்த்துச் சமமாக்கி அதையே திரும்பப் போட்டிருக்கிறார். குழாய் நீளம் குறைந்துவிட்டது.

நீளம் குறைந்தால் என்ன ஆகும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இழையில் நான் சொல்ல வந்தது இதுதான். ஆக்சில் நட்டை இறுக்கும்போது, ஒரு பக்கத்து உள்வளையம், ஸ்பேசர், மறுபக்கத்து உள்வளையம் ஆகிய மூன்றும் ஒரே தண்டுபோல அழுத்தப்பட்டு நிற்க வேண்டும். வெளிவளையங்கள் சக்கரத்தின் மையக்கூடான ஹப்போடு சேர்ந்து சுற்றும். ஸ்பேசர் குட்டையாக இருந்தால், வெளிவளையங்கள் ஹப் துளையின் உள்ளே இருக்கும் படியில் முட்டி நிற்க, உள்வளையங்கள் மட்டும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கப்படும். குண்டுகள் தடத்தின் அடியில் ஓடாமல் தடத்தின் ஓரத்தில் ஏறி ஓடும். இறுக்குகிற விசை முழுவதும் பக்கவாட்டுப் பளுவாக அந்தச் சிறு குண்டுகளின் மேல் விழும். எந்த பிராண்டாக இருந்தாலும் அதைத் தாங்காது.

மார்ச் 17

ஸ்பேசரை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு: வெர்னியரின் ஆழம் அளக்கும் முள்ளால் ஹப்பின் இரு பக்கமும் படி வரையுள்ள ஆழத்தை அளந்து, ஹப்பின் மொத்த அகலத்திலிருந்து கழித்தால் இரு படிகளுக்கும் இடையேயுள்ள தூரம் கிடைக்கும். ஸ்பேசரின் நீளம் அதற்குச் சமமாகவோ ஒரு நூலிழை கூடுதலாகவோ இருக்கலாம், ஒருபோதும் குறையக்கூடாது. நண்பர் அளந்ததில் 0.6 மி.மீ. குறைவு வந்திருக்கிறது. அந்தக் குழாயைத் தூக்கி எறியுங்கள். தகடு வெட்டி வளையமாக வைத்து நீளத்தைச் சரிக்கட்டலாமா என்று கேட்கிறார். வேண்டாம், மெல்லிய தகடு அழுத்தத்தில் நசுங்கும், சரிந்தும் உட்காரும். லேத் வேலை தெரிந்தவரிடம் எஃகுக் குழாயைக் கொடுத்து, படித் தூரத்தைவிட 0.1 மி.மீ. கூடுதலாக, இரு முனைகளும் அச்சுக்குச் செங்குத்தாக இருக்கும்படி கடைந்து வாங்குங்கள். நீளத்தைவிட அந்தச் செங்குத்து முக்கியம். முனை சாய்ந்திருந்தால் இறுக்கும்போது ஆக்சிலே வளையும்.

ஆக்சிலையும் சோதித்துவிடுங்கள். தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டினால், வளைவு இருக்குமிடத்தில் அடியில் வெளிச்சம் தெரியும்.

மார்ச் 24

வரும் வெள்ளி புனித வெள்ளி. இசிபிங்கோ மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் பலர் இருப்பீர்கள். கடைகள் திங்கள் வரை பெரும்பாலும் அடைத்திருக்கும். பேரிங், ஹப்பின் புழுதி சீல் இரண்டையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய சீலைத் திரும்பப் போடாதீர்கள்.

இனி ஏற்றும் முறை. நான் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்த காலத்தில் பெரிய பேரிங்குகளை எண்ணெயில் சூடாக்கித் தண்டில் ஏற்றுவோம். சம்மட்டியை எடுத்தவனை மேற்பார்வையாளர் வேலையைவிட்டு விலக்கி நிறுத்துவார். அங்கே தண்டில் ஏற்றுவதால் பேரிங்கைச் சூடாக்கினோம். இங்கே துளையில் இறக்குவதால் துளையைச் சூடாக்க வேண்டும். ஹப் அலுமினியம், பேரிங் எஃகு. அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 42 மி.மீ. துளை 25 பாகையிலிருந்து 105 பாகைக்குச் சூடானால் 0.08 மி.மீ. அளவுக்கு விரிகிறது. ஃப்ரீசரில் சுழியத்துக்குக் கீழே 20 பாகைக்குக் குளிர்ந்த பேரிங் 0.02 மி.மீ. சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் 0.1 மி.மீ. இடம் கிடைக்கும். இறுக்கமாகப் பொருந்த வேண்டிய பேரிங் தன் எடையாலேயே இறங்கி உட்கார அதுவே போதும்.

சூடாக்க ஹாட் ஏர் கன் பயன்படுத்துங்கள். தீச்சுடரை ஹப்பின் மேல் காட்டக்கூடாது. ஒரு துளி தண்ணீர் பட்டதும் சுரீரென்று ஆவியானால் சூடு போதும். அதற்குமேல் போனால் ரப்பர் மூடியும் கிரீஸும் கெடும். பழையதை எடுப்பதற்கும் இதே சூடு வேண்டும். குளிர்ந்த ஹப்பிலிருந்து தட்டி எடுத்தால் துளை கீறும்.

மார்ச் 25

நேற்றைய குறிப்பில் நமது ஊருக்குரிய ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். ஜோஹன்னஸ்பர்க்கின் உலர்ந்த குளிர்காலக் காற்றில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த பேரிங்கில் ஈரம் அவ்வளவாகப் படியாது. டர்பனில் கோடையின் இந்தக் கடைசி வாரங்களில் வெளியே எடுத்த நொடியிலேயே அது வியர்த்துவிடும். அந்த ஈரத்தோடு ஹப்பில் இறக்கினால் வெளிவளையத்துக்கும் துளைக்கும் நடுவே தண்ணீரை அடைத்து வைத்தது போலாகும். எனவே பேரிங்கைக் காற்றுப் புகாத பையில் சுற்றி வைத்து, ஹப் சூடேறித் தயாரான பிறகே பையைப் பிரியுங்கள். ஹப்பின் சூட்டிலேயே ஈரம் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள், ஓரளவு உண்மைதான். ஆனாலும் கடல் உப்புக் கலந்த காற்றுள்ள ஊரில் நான் ஹப்பை மட்டும் நன்றாகச் சூடாக்கி, பேரிங்கை அறைச் சூட்டிலேயே ஏற்றுவதை விரும்புகிறேன். அதிலும் தேவையான இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும். வெறும் விரலால் வளையத்தைத் தொடாமல் இருப்பதும் நல்லது. விரல் வியர்வையும் உப்புத்தான்.

மார்ச் 30

ஏற்றும் வரிசை: பேரிங் வெளியே வராமல் பிடிக்கும் திருகு வளையம் இருக்கும் பக்கத்து பேரிங்கை முதலில் படியில் முட்டும்வரை இறக்குங்கள். அது தானாக இறங்காமல் கொஞ்சம் தட்ட வேண்டியிருந்தால், வெளிவளையத்தின் மேல் மட்டுமே படும்படி 40 மி.மீ. வெளிவிட்டமுள்ள சாக்கெட் ஒன்றை வைத்துத் தட்டுங்கள். உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் குழி விழும். அந்தக் குழிதான் பிறகு உறுமலாகக் கேட்கிறது. பேரிங் படியில் முட்டியதும் சத்தம் மாறும், காதுக்குத் தெரியும். பிறகு சக்கரத்தைத் திருப்பி, ஸ்பேசரைப் போட்டு, இரண்டாவது பேரிங்கை இறக்குங்கள். அது படி வரை போக வேண்டியதில்லை. ஸ்பேசரை விரலால் அசைத்துப் பார்த்தால் மெல்லிய உராய்வோடு நகர வேண்டும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் தட்டினால் குட்டையான ஸ்பேசர் செய்த அதே கேட்டை நீண்ட ஸ்பேசரைக் கொண்டு எதிர்த்திசையில் செய்தவர் ஆவீர்கள்.

திருகு வளையத்தைப் பற்றி: கழற்றும்போது, முன்பு பஞ்ச் கோலால் குத்தி மடக்கிய இடங்களை முதலில் சுரண்டி எடுக்காமல் திருகினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் இந்த வளையம் இடக்கை மரையாக இருக்கும். வண்டி எதுவானாலும் மரையின் சாய்வைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திருகுங்கள்.

ஏப்ரல் 1

டொங்காட்டிலிருந்து ஒரு பெரியவர், தம்மிடமுள்ள 1930களின் பிரிட்டிஷ் வண்டிக்கும் இதே முறை பொருந்துமா, கிண்ணத்துக்கும் கூம்புக்கும் நடுவே தனிக் குண்டுகள் ஓடும் முன்சக்கரத்தை மூடிய பேரிங்குக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறார். டர்பன்–ஜோஹன்னஸ்பர்க் நினைவு ஓட்டத்தில் கலந்துகொள்ள எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறார். 1913 முதல் 1936 வரை நடந்த பந்தயத்தின் நினைவாக நடக்கும் அந்த ஓட்டத்தில் 1936 முடிவதற்குள் செய்யப்பட்ட வண்டிகளே சேர முடியும் என்பதால், ஐயாவின் வண்டி எவ்வளவு மதிப்புள்ளது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐயா, மாற்ற வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். மூடிய பேரிங் பொருந்த ஹப்பைக் கடைய வேண்டும். கடைந்த உலோகம் திரும்ப வராது. கிண்ணம்–கூம்பு அமைப்பு கவனிப்பைக் கேட்குமே தவிர, பலவீனமானதன்று. கூம்பில் குழி விழுந்திருந்தால் கூம்பை மாற்றுங்கள். குண்டுகளை மாற்றும்போது ஒரு பக்கத்துக்குரிய எல்லாவற்றையும் ஒரே பெட்டியிலிருந்து எடுங்கள். பழையதையும் புதியதையும் கலந்தால் பெரிய குண்டு மட்டும் பளுவைச் சுமக்கும். இடம் இருக்கிறதே என்று கடைசிக் குண்டைத் திணிக்காதீர்கள். இறுக்கத்தைச் சரிபார்க்க முன்னோர் கையாண்ட முறையைவிடச் சிறந்ததை நான் காணவில்லை: சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, டியூப் வால்வை மூன்று மணி இருக்குமிடத்தில் வைத்து விடுங்கள். பிரேக் உராயாமல் இருந்தால், வால்வின் எடையாலேயே சக்கரம் கீழே இறங்கி, ஆறு மணியைத் தாண்டிச் சென்று, ஊசலாடி நிற்க வேண்டும். அப்படி ஆடினால் இறுக்கம் சரி. நட்டை முழுவதும் இறுக்கிய பிறகும் ஒரு முறை சோதியுங்கள், ஏனென்றால் இறுக்கும்போது கூம்பும் சிறிது நகரும்.

ஏப்ரல் 6

ஹப்பின் உள்ளே கிரீஸ் நிரப்ப வேண்டும் என்று ஒருவர் எழுதியிருப்பது மூடியில்லாத பேரிங்குக்குப் பொருந்தும்; 2ஆர்எஸ் போட்டவர்களுக்குத் தேவையில்லை. தொழிற்சாலையில் வைத்த கிரீஸ் மூடிக்குள்ளேயே இருக்கிறது. அதன் அளவு குறைவாகத் தோன்றும். அது வேண்டுமென்றே செய்தது. முழுவதும் அடைத்தால் கிரீஸே கலங்கிச் சூடாகும். ஆக்சிலின் மேலும் சீலின் உதட்டிலும் மெல்லப் பூசினால் போதும்.

துளை தளர்ந்து வெளிவளையம் ஹப்புக்குள் சுற்றியிருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு: பஞ்ச் கோலால் துளையைச் சுற்றிக் குத்தி மேடாக்குவதை விட்டுவிடுங்கள். அந்த மேடுகள் சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்துவிடும், பேரிங்கும் நேராக உட்காராது. தளர்வு சிறிதாக இருந்தால், பேரிங்கைப் பொருத்துவதற்கென்றே செய்யப்பட்ட லாக்டைட் 641 போன்ற பசை உண்டு. இரு பரப்பிலும் எண்ணெய்ப் பசை அறவே இல்லாமல் துடைத்துப் பூச வேண்டும். கையால் தள்ளினாலே பேரிங் உள்ளே போய் ஆடுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தால் துளையைக் கடைந்து உட்கூடு போடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஏப்ரல் 13

வெருலம் நண்பர் புதிய ஸ்பேசரோடு ஏற்றி முடித்துவிட்டார். ஆக்சிலை இறுக்கிய பிறகும் சக்கரம் இறுக்காததற்கு முன்பு சுற்றியது போலவே சுற்றுகிறதாம். இந்தச் சோதனையைத்தான் நான் எல்லோரிடமும் கேட்பேன்: நட்டை இறுக்க இறுக்கச் சக்கரம் கனமாகச் சுற்றினால், ஸ்பேசர் குட்டை, உடனே கழற்றிவிட வேண்டும்.

ஃபோர்க்கின் அடியில் ஆக்சிலைப் பிடிக்கும் மூடிகளை, முன்புறத்தைக் காட்டும் குறி முன்னால் இருக்கும்படி வைத்து, முன்நட்டை முதலில் இறுக்கி, பிறகு பின்நட்டை இறுக்குங்கள். பின்னால் சிறு இடைவெளி இருக்கும். அது இருக்க வேண்டியதே. அதை மூட முயன்று இறுக்கினால் நட்டு ஏறும் மரைத்தண்டு அறுந்துவிடும். வேகமானியை இயக்கும் பெட்டி ஹப்பின் வெட்டுகளில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை மூடிகளை இறுக்குவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். தவறினால் உள்ளே உள்ள தகடு நசுங்கும்.

முதல் ஓட்டம் குறுகியதாக இருக்கட்டும். திரும்பி வந்ததும் ஹப்பின் நடுப்பகுதியைக் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூட்டுக்கு மேல் போயிருக்கக்கூடாது. டிஸ்க்கைத் தொடாதீர்கள், அது எப்படியும் சுடும்.

ஏப்ரல் 14

பழைய பேரிங்குகளை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிவளையத்தைச் சாணைக்கல்லில் சுற்றிலும் சிறிதளவு தேய்த்து, துளைக்குள் தளர்வாகப் போய்வரும்படி செய்துவிட்டால், அடுத்த முறை புதிய பேரிங்கை நேராகத் தள்ள அதைவிடப் பொருத்தமான கருவி கடையில் கிடைக்காது. ரோட்வொர்தி சோதனை முடிந்ததும் முடிவை இங்கேயே எழுதுங்கள். முன்சக்கரத்தை அவர்கள் எப்படி அசைத்துப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால், இதே வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கு உதவும்.